நிழற்படமும் தூரிகையும்: கொழும்பின் சினிமாப் பதாகைகளிலும் சித்திரக்கதைகளிலும் கலப்பு ஊடக முறை

இலங்கையின் நவீன ஓவிய வரலாறு எழுதப்படுமிடத்தெல்லாம் 1943ஆம் ஆண்டு கொழும்பில் உருவான '43 குழு' தவறாது இடம்பெறுகின்றது. அக்குழுவினரை ஒன்றுகூட்டியவர்களுள் முதன்மையானவரான லயனல் வென்ட், நிழற்படங்களை வெட்டிப் பொருத்தியும் ஒன்றன்மேலொன்றாகப் பதித்தும் ஆக்கிய படைப்புகள் கலைக்கூடங்களுக்குரியனவாக மதிக்கப்படுகின்றன. அதே நகரின் படமாளிகை முகப்புகளுக்காகவும் பத்திரிகைப் பக்கங்களுக்காகவும் நிழற்படம், தூரிகை, பேனா, கத்தரிக்கோல், பசை ஆகியவற்றை ஒருங்கே கையாண்ட தொழில்வினைஞர்களோ அவ்வரலாற்றில் பெரும்பாலும் இடம்பெற்றிலர். செய்முறையை மட்டும் நோக்கின் இரண்டும் நெருங்கிய உறவுடையன. வேறுபாடு, ஆக்கியோரின் வர்க்க நிலையிலும் ஆக்கம் தொங்கவிடப்பட்ட இடத்திலுமே உள்ளது.

சினிமாவையும் சித்திரக்கதையையும் தழுவி வரையப்படும் படங்களை வெறும் 'பிரதி' என ஒதுக்குவது நம்மிடையே நெடுநாள் வழக்கம். இக்கருத்து மறுபரிசீலனைக்குரியது. ஒரு படம் ஓர் ஊடகத்திலிருந்து இன்னோர் ஊடகத்துக்கு மாறும் ஒவ்வொரு பொருத்திலும் எதை வைத்துக்கொள்வது, எதை விடுவது என ஒருவர் தீர்மானித்தேயாகவேண்டும். அத்தீர்மானங்களின் தொகுதியே ஓவியரின் ஆக்கம்.

முதலிற் பதாகையை நோக்குவோம். தமிழ்ச் சமூகத்தில் சாதி வேறுபாடின்றி எல்லோரும் ஒரே கூரையின்கீழ் அமர்ந்த முதல் அரங்கு சினிமாக் கொட்டகையே என்ற கருத்தைப் பேராசிரியர் கா. சிவத்தம்பி 1981இல் வெளிவந்த தமது ஆங்கில நூலில் முன்வைத்தார். கொட்டகைக்கு உள்ளே நிகழ்ந்ததுபற்றியது அக்கருத்து. வெளியே தொங்கிய பதாகையோ இன்னும் ஒருபடி மேலே சென்றது எனலாம். அதைக் காண நுழைவுச்சீட்டுக் கூட வேண்டியதில்லை. வெள்ளவத்தையின் சவோய், பிளாசா, கொட்டாஞ்சேனையின் செல்லமஹால் போன்ற மாளிகைகள் இருந்த வீதிகளில், படம் பார்க்க வசதியற்றவனும் அதன் கதாபாத்திரங்களை அறிந்திருக்க இப்படங்களே வழிவகுத்தன.

பதாகைக்கான மூலம் தயாரிப்பாளரிடமிருந்து வரும் கறுப்பு வெள்ளை நிழற்படமே. 10 அங்குல அகலமும் 8 அங்குல உயரமும் உள்ள அத்தாளின்மீது ஓர் அங்குலக் கட்டங்கள் வரையப்படும். சட்டத்தில் அறைந்து வெள்ளைப் பூச்சுக் கொடுத்த துணியில் அதே எண்ணிக்கையான கட்டங்கள் இரண்டடி அளவிற் போடப்படும். இவ்வாறு 20 அடி அகலமும் 16 அடி உயரமும் உள்ள படம் பெறப்படுகின்றது. கரித்துண்டினால் உருவெல்லை வரைந்தபின், ஆளிவிதை எண்ணெயிற் குழைத்த வர்ணம் அகன்ற தூரிகையாற் பூசப்படும். பின்னணியையும் உடையையும் பயிலுநர் நிரப்ப, முகத்தைத் தலைமை ஓவியர் எழுதுவார். எழுத்துகளுக்குத் தனியொருவர் இருப்பதுமுண்டு. கறுப்பு வெள்ளை மூலத்தில் நிறம் இல்லை. ஆதலின் முகத்தின் ஒருபுறம் இளஞ்சிவப்பாகவும் மறுபுறம் நீலமாகவோ பச்சையாகவோ அமைவதை ஓவியரே தீர்மானித்தார். நிழற்படத்தில் சாம்பல் நிறமாயிருந்த நிழல், வீதியின் மறுகரையில் நிற்பவனுக்கும் தெரியவேண்டும் என்ற தேவையே அந்நிறத் துணிச்சலுக்குக் காரணம். அதனை 'மலினமான ரசனை' என்போர் பதாகையைப் பத்தடி தூரத்தில் நின்று பார்ப்பவர்கள்.

இம்முறையின் வேரைத் தேடுவோமாயின் தென்னிந்திய நாடகக் கம்பனிகளின் திரைச்சீலைகளுக்குச் செல்லவேண்டும். கோவில்பட்டியில் வாழ்ந்த கொண்டையராஜுவும் (1898-1976) அவருடைய மாணாக்கரும் நாடகக் காட்சித்திரை, நிழற்படத்துக்கு வர்ணமூட்டல், நாட்காட்டிப் படம் என்பவற்றிடையே இலகுவாக இடம்மாறினர். சென்னையில் 1957இல் 'வணங்காமுடி' படத்துக்காகச் சிவாஜி கணேசனின் ஏறத்தாழ 80 அடி உயரமான வெட்டுருவத்தை மோகன் ஆர்ட்ஸ் நிறுவனம் நிறுத்தியமை இம்மரபின் ஓர் உச்சம். கொழும்புக்கோ இன்னொரு அயல்மரபும் உண்டு. கொட்டாஞ்சேனைக்கு அண்மையிலுள்ள கிராண்ட்பாஸ், தொட்டலங்கைப் பகுதிகளில் வெசாக் காலத்தில் எழுப்பப்படும் தோரணங்கள், ஜாதகக் கதையொன்றைச் சட்டம் சட்டமாக வரைந்து, விளக்கொளியால் வரிசைப்படுத்தி, பாட்டாகவும் உரையாகவும் விளக்குவன. இதனைப் பல அடி உயரமான சித்திரக்கதை எனக் கொள்ளத் தடையேதுமில்லை. மதத்தாலும் மொழியாலும் பிரித்து ஆராயப்படும் இவ்விரு வழக்கங்களையும் அருகருகே வைத்து நோக்குதல் பயன்தரும்.

பத்திரிகைப் படத்தில் நிலைமை வேறு. அங்கே ஓவியரை ஆண்டது தூரமன்று, அச்சுக்கட்டையே. ஈய எழுத்தில் அச்சிட்ட காலத்தில் படத்தை அச்சேற்ற இருவகைப் 'புளொக்'குகள் இருந்தன. நிழற்படத்தைப் புள்ளித்திரையினூடாகப் பதிவுசெய்து நாகத்தகட்டில் அமிலத்தால் அரித்தெடுப்பது ஒன்று. கோட்டுப்படத்தை அப்படியே அரித்தெடுப்பது மற்றொன்று. பளபளப்பான தாளில் அங்குலத்துக்கு 120 அல்லது 133 வரிப் புள்ளித்திரையைப் பயன்படுத்தலாம். சொரசொரப்பான பத்திரிகைத்தாளில் 55 முதல் 65 வரைதான் தாங்கும். அதற்கு மேற்போனால் மை பரந்து முகம் கரிப்பிடித்துவிடும். கோட்டுப் புளொக்கிற் கறுப்பும் வெள்ளையும் அன்றிச் சாம்பல் நிறமே இல்லை. சினிமாக் காட்சியின் மென்மையான ஒளிநிழலை இக்கட்டுப்பாட்டுக்குள் கொணர்வதே ஓவியரின் வித்தையாயிற்று.

அதற்கு வழிகள் பல. குறுக்குக் கோடுகளால் நிழலமைத்தல், ஏறத்தாழ உலர்ந்த தூரிகையைத் தாளிற் தேய்த்தல், புள்ளி அச்சிட்ட மெல்லிய ஒட்டுத்தாளை உருவத்துக்கேற்ப வெட்டி ஒட்டுதல் என்பன அவற்றுட் சில. மிக நுட்பமானது பிறிதொன்று. மங்கிய நிழற்படப் பிரதியின்மேலேயே நீரிற் கரையாத கறுப்பு மையால் வரைந்து, பின்னர் இரசாயனக் கரைசலில் இட்டு நிழற்படத்தை முற்றாக நீக்கிவிடுவர். எஞ்சுவது பேனாக் கோடு மட்டுமே. நிழற்படம் சாரமாக நின்று, வேலை முடிந்ததும் அகற்றப்பட்டது; படத்தின் உறுதி மாத்திரம் அதன் வரலாற்றைக் காட்டிநிற்கும். அச்சுத்தொழிலில் உலகெங்கும் நெடுங்காலம் பயிலப்பட்ட இம்முறையைக் கண்ணுறாதவர், அத்தகைய படங்களை 'அச்சொட்டாக வரையும் கைவன்மை' என்று வியப்பதோடு அமைந்துவிடுகின்றனர்.

விளம்பரங்களிலும் நூல் அட்டைகளிலும் இதற்கு மாறான கூட்டைக் காணலாம். முகம் நிழற்படம், கழுத்துக்குக் கீழே தூரிகை. நட்சத்திரத்தின் முகம் வியாபாரச் சொத்தாகையால் அதிற் கைவைக்க ஓவியருக்கு உரிமையில்லை. உடலும் உடையும் கடலும் தென்னையும் அவருடையவை. ஒரு பூதக்கண்ணாடியை வைத்து இத்தகைய அட்டையை நோக்கினால், புள்ளிகள் கழுத்தருகில் நின்றுவிட, அதன்கீழ் நிரவலான வர்ணம் தொடங்குவதைக் காணலாம். முதலாளியின் உடைமையும் தொழிலாளியின் உழைப்பும் சந்திக்கும் கோடு அதுவே எனின் மிகையாகாது. பெண்ணுருவங்களில் அக்கோட்டின்கீழ் ஓவியர்கள் எடுத்துக்கொண்ட 'சுதந்திரம்' தனியே கண்டிக்கப்படவேண்டியது.

சித்திரக்கதையில் இப்பொருத்து இன்னும் சிக்கலானது. 1972இல் சிவகாசியில் முத்து காமிக்ஸின் முதல் இதழாக வெளிவந்த 'இரும்புக்கை மாயாவி', 1962 முதல் பிரித்தானிய வார இதழான வேலியண்டில் ஸ்பானிய ஓவியர் ஹெசூஸ் பிளாஸ்கோ வரைந்த தொடரின் தமிழ் வடிவம். பெரிய பக்கத்துக்கென வரையப்பட்ட சட்டங்கள் சிறுநூல் அளவுக்குப் பிரித்து அடுக்கப்பட்டன. ஆங்கில உரையாடல் நீக்கப்பட்டுத் தமிழ் எழுத்து அமர்த்தப்பட்டது. தமிழ்ச்சொல் நீண்டால் பேச்சுக்குமிழிக்கு இடங்கொடுக்க ஓவியத்தின் ஒரு பகுதி இழக்கப்பட நேரும். மொழிபெயர்ப்பு என்பது இங்கே கத்தரிக்கோலாலும் நிகழ்ந்தது.

இலங்கையிலோ சிங்களச் சித்திரக்கதை 1951இல் 'லங்காதீப'வில் ஜீ. எஸ். பெர்னாண்டோ வரைந்த 'நீலா'வோடு தொடங்கி, 1972இல் 'சத்துட்ட' போன்ற தனி வார இதழ்களாக வளர்ந்தது. தமிழில் சிவஞானசுந்தரத்தின் 'சவாரித்தம்பர்' தினகரனில் இடம்பெற்றது; அவரே பின்னர் 'சிரித்திரன்' சஞ்சிகையை நடத்தினார். சுந்தர் சினிமாவின் ஒளிநிழலைத் தேடியவரல்லர். சில கோடுகளில் யாழ்ப்பாணத்து நடையுடை பாவனையைப் பிடித்தார். கோட்டுப் புளொக்கின் வறுமையையே பலமாக்கிய அவருடைய வழி, சினிமாவைத் தழுவிய வழியினும் சிக்கனமானது என்பது என் கருத்து. எனினும் 1970-77 காலத்தில் தென்னிந்தியச் சஞ்சிகைகளின் இறக்குமதி கட்டுப்படுத்தப்பட்டபோது, உள்ளூர்ப் பதிப்பின் பெருக்கம் இருவகையினருக்கும் வேலையளித்தது. வீரகேசரிப் பிரசுர நாவல்களின் அட்டைகள் இதற்குச் சான்று. செங்கை ஆழியானின் 'வாடைக்காற்று' 1978இல் திரைப்படமாயிற்று. ஈழத்துக் கடற்கரையும் ஈழத்து முகங்களும் திரையிலும் அதன் விளம்பரங்களிலும் இடம்பெற அது வாய்ப்பளித்தது.

இவற்றில் எஞ்சியவை சிலவே. புளொக் எடுத்தபின் மூலத்தைப் பேணுவது அச்சகங்களின் வழக்கமன்று. பதாகைத் துணி வெள்ளையடிக்கப்பட்டு அடுத்த படத்துக்குப் பயன்பட்டது. 1983 யூலை வன்செயல்களில் வெள்ளவத்தையிலும் கொட்டாஞ்சேனையிலும் தமிழர் கடைகளும் தொழிலகங்களும் தீக்கிரையாயின, கே. குணரத்தினத்தின் ஹெந்தளை விஜயா ஸ்ரூடியோவும் எரிக்கப்பட்டது. 2000ஆம் ஆண்டினை அடுத்துப் பரவிய பிளாஸ்டிக் அச்சுப் பதாகை மீதியிருந்த தொழிலையும் முடித்துவைத்தது.

இன்றைய இளம் ஓவியர்கள் பழைய சுவரொட்டித் துண்டு, மை, அக்ரிலிக் வர்ணம், கணினி ஆகியவற்றைச் சேர்த்து இம்மரபுக்கு மீள்கின்றனர். கணினியிலே பென்சிற்கோடு ஓர் அடுக்கு, மை ஓர் அடுக்கு, வருடியெடுத்த தாளின் சொரசொரப்பு ஓர் அடுக்கு என வேலை வளர்கின்றது. அச்சுக்குக் கொடுக்கும்போது அடுக்குகள் யாவும் ஒன்றாக்கப்படுகின்றன. பழைய ஒட்டுப்படியொன்றைப் பக்கவாட்டு வெளிச்சத்திற் சரித்துப் பிடித்தால், வெட்டிய தாளின் விளிம்பு மெல்லிய நிழலை வீழ்த்தும். எங்கே தீர்மானம் எடுக்கப்பட்டது என்பதை அது காட்டிவிடும். ஒன்றாக்கிய கோப்பில் அதற்கு வழியில்லை. பல்கலைக்கழக நூலகங்கள் இவ்வாக்கங்களைச் சேர்க்க முற்படின், அச்சான பிரதியோடு அடுக்குகள் பிரிந்திருக்கும் மூலக்கோப்பையும் ஓவியரிடம் கேட்டுப் பெறுதல் வேண்டும்.