கையோடு வந்தவை – 9: சிப்பிகாட் பக்கத்துப் பழஞ்சேலைப் போர்வை

1956இல் ஹங்கேரியை விட்டு ஆஸ்திரிய எல்லையைத் தாண்டிய பெண்களின் பின்னல் ஊசிகளைப் பற்றிச் சென்ற வாரம் எழுதியிருந்தேன். கம்பளி நூலில் ஒரு வசதி உண்டு. ஸ்வெட்டர் சிறுத்துப் போனால் பிரித்து, நூலை உருண்டையாகச் சுற்றி, அடுத்த பிள்ளைக்குப் பின்னிவிடலாம். போன இடத்தில் நூல் கிடைக்காவிட்டாலும் போட்டுக்கொண்டு வந்த சட்டையே நூல்தான்.

இந்த வாரம் அந்தமான். ஆண்டுக்கு ஏறக்குறைய 3,000 மில்லிமீட்டர் மழை கொட்டும், குளிர்காலம் என்ற ஒன்றே இல்லாத தீவுகள். கம்பளிக்கு இங்கே வேலை கிடையாது. இங்கே அகதிகளாக வந்து இறங்கிய பெண்களின் கையில் இருந்தது சாதாரணத் தையல் ஊசி. இடுப்பில் இருந்தது பருத்திச் சேலை. அந்த இரண்டும் போதும், காந்தா என்ற வங்கத்துப் பழஞ்சேலைப் போர்வையைத் தைக்க.

போர்ட் பிளேரிலிருந்து (அரசுப் பெயர் 2024 முதல் ஸ்ரீ விஜயபுரம், பேருந்து நடத்துநர் வாயில் அது ஏற இன்னும் நாளாகும்) வண்டூர் கடற்கரைக்குப் போகிற சாலையில் வருகிறது சிப்பிகாட். கிராம்பு, ஜாதிக்காய், பட்டை, மிளகு எல்லாம் வளர்க்கும் அரசு வேளாண் பண்ணையைக் காட்டுவதற்காகச் சுற்றுலாக்காரர்களைக் கூட்டி வருவார்கள். இந்தப் பக்கத்துச் சாலைகளில் விரிந்து கிடக்கின்றன சௌல்தாரி, மங்லுட்டான், ஹம்ஃப்ரிகஞ்ச், குப்தாபாரா. பெயர்களில் ஆங்கிலேயனும் வங்காளியும் அடுத்தடுத்து உட்கார்ந்திருப்பதைப் பாருங்கள். கைதிகளின் காலம் முடிந்து அகதிகளின் காலம் தொடங்கியதற்கு ஊர்ப் பெயர்களே பட்டா.

1949 மார்ச்சில் கல்கத்தாவிலிருந்து ‘மகாராஜா’ என்ற கப்பல், பிரிவினையில் வீடிழந்த கிழக்கு வங்காளத்து அகதிக் குடும்பங்களின் முதல் தொகுதியை ஏற்றிக்கொண்டு கிளம்பியது. செல்லுலார் சிறைக்குக் கைதிகளைச் சுமந்துவந்த கப்பலுக்கும் அதே பெயர். காலா பானி என்று பாட்டிமார் சொல்லிப் பயமுறுத்திய இடத்துக்குத் தாங்களாகவே கையெழுத்துப் போட்டு ஏறியவர்கள் இவர்கள். ஏறாமல் என்ன செய்வது? சியால்டா ரயில் நிலையத்து நடைமேடையிலும் அகதி முகாம்களிலும் குடும்பம் நடத்திப் பார்த்தவர்களுக்குக் கடல் பெரிதாகத் தோன்றியிருக்காது. அகதிகளைத் தீவுக்கு அனுப்பக்கூடாது என்று கல்கத்தாவில் இடதுசாரிகள் எதிர்ப்புக் காட்டினார்கள். 1950 பிப்ரவரியில் பாரிசால் கலவரம் வந்தபின் எல்லையைத் தாண்டுகிறவர்கள் இன்னும் பெருகினார்கள்.

வந்தவர்களில் பெரும்பாலோர் நாமசூத்திரர்கள். பாரிசால், குல்னா, ஃபரித்பூர், ஜசோர் மாவட்டங்களில் சேற்றிலும் ஆற்றிலும் பிழைத்த உழவர்கள், படகோட்டிகள். குடும்பத்துக்கு 5 ஏக்கர் நெல் நிலம், 5 ஏக்கர் மேட்டு நிலம் என்று கணக்கு. மாட்டுக்கும் விதைக்கும் கலப்பைக்கும் கடன். அரசு தயாரித்த அந்தப் பட்டியலில் எல்லாம் ஆண் கையால் பிடிக்கும் சாமான்கள். வீட்டுக்குள் என்ன வேண்டும் என்று யாரும் எழுதவில்லை. படுக்கவும் போர்த்தவும் பிறக்கப்போகிற பிள்ளையைச் சுற்றவும் பெண்களே பார்த்துக்கொள்வார்கள் என்பது எல்லா மறுவாழ்வுத் திட்டங்களிலும் எழுதாத ஷரத்து.

ஒன்றையும் சொல்லிவிட வேண்டும். அந்த 10 ஏக்கர் சும்மா கிடந்த நிலமல்ல. காடு வெட்டிய இடங்களில் பல ஜாரவா மக்கள் வேட்டையாடிய இடங்கள். வீடிழந்தவர்களுக்கு வீடு கொடுக்க இன்னொருவர் காடு கைமாறியது. கோடாலிக்கு அம்பு பதில் சொன்ன கதைகள் தெற்கு அந்தமானின் மேற்குக் கரையோரக் குடியேற்றங்களில் நெடுநாள் தொடர்ந்தன. அகதி என்றாலே அப்பாவி என்று எழுதிவிட்டுப் போக எனக்கு மனம் வரவில்லை.

இனி காந்தாவுக்கு வருவோம்.

கட்டிக் கட்டி நைந்த பருத்திச் சேலைகள் வேண்டும். புதுத் துணி உதவாது. கஞ்சி விறைப்பு முழுக்கப் போய், துவைகல்லில் நூறு முறை அடிபட்டு, கன்னத்தில் வைத்தால் தெரியாத அளவு மெத்தென்று ஆகியிருக்க வேண்டும். மெல்லிய விரிப்புக்கு மூன்று சேலை, கனமான ‘லேப்’ காந்தாவுக்கு அதற்கு மேல். முற்றத்தில் சாணி மெழுகிக் காய்ந்த தரையில் ஒன்றன்மேல் ஒன்றாக விரித்து, சுருக்கம் இல்லாமல் நீவி, ஓரங்களில் பாரம் வைப்பார்கள். இது ஒற்றை ஆள் வேலையல்ல. பக்கத்து வீட்டுக்காரி ஒரு மூலையைப் பிடிக்க, மாமியார் இன்னொன்றைப் பிடிக்க, நீள நீளமாகப் பெருந்தையல் போட்டு அடுக்குகளை நிறுத்திவிட்டால், அதற்குப் பிறகுதான் தனியாள் வேலை தொடங்கும். மதியச் சாப்பாடு முடிந்து பாத்திரம் கழுவிய பின் விளக்கேற்றும் வரை. ஒரு காந்தாவுக்குப் பல மாதங்கள் பிடிக்கும்.

நூல்? அதையும் கடையில் வாங்குவதில்லை. சேலையின் கரையிலிருந்து சிவப்பு, நீலம், கறுப்பு இழைகளை ஒவ்வொன்றாக உருவி, இரண்டு மூன்றைச் சேர்த்து முறுக்கிக்கொள்வார்கள். தையல் என்னவோ நம் ஊரில் பாவாடைக்குக் கரை மடிக்கும் அதே ஓட்டத் தையல்தான். ஆனால் நெல்மணி அளவில், வரிக்கு வரி நெருக்கமாக ஓட்டும்போது துணி லேசாகச் சுருங்கி, மேற்பரப்பு முழுக்கச் சிற்றலை எழும்பும். நடுவில் தாமரை, நான்கு மூலையில் மரம், இடையில் படகு, மீன், மாங்காய் என்று போட்டால் அது நக்‌ஷி காந்தா. குடியேற்ற வீடுகளின் அன்றாட வேலைக்கு இவ்வளவு அலங்காரம் தேவைப்படவில்லை. வெறும் வரிகள், ஓரத்தில் ஒரு கரை, முடிந்தது.

பிறந்த பிள்ளைக்குப் புதுத்துணி கூடாது, பழந்துணிதான் கண்ணேறு தீண்டாமல் காக்கும் என்ற நம்பிக்கை வங்கத்திலும் உண்டு. அம்மா கட்டிய சேலையில் தூளி கட்டித் தூங்கிய நமக்கு அதை யாரும் விளக்க வேண்டியதில்லை. அந்தமானின் ஈரக் காற்றில் பஞ்சுமெத்தை பூசணம் பிடிக்கும். காந்தாவை வெயில் எட்டிப்பார்க்கும் ஒரு மணி நேரத்தில் கொடியில் போட்டு எடுத்துவிடலாம். பத்மா நதிக்கரையின் மழைக்காலத்துக்கு உண்டான பொருள், வங்காள விரிகுடாவின் நடுவிலும் பொருந்திப் போயிற்று.

ஸ்டெல்லா க்ராம்ரிஷ் என்ற கலை வரலாற்றாளரைக் கேள்விப்பட்டிருப்பீர்கள். ஆஸ்திரிய–ஹங்கேரியப் பேரரசில் 1896இல் பிறந்தவர், கணவர் ஹங்கேரிக்காரர். 1920களின் தொடக்கத்தில் தாகூரின் அழைப்பில் சாந்திநிகேதன் வந்து, பின் கல்கத்தா பல்கலைக்கழகத்தில் பல ஆண்டுகள் கற்பித்தார். இந்துக் கோயில்களைப் பற்றிய இவருடைய நூலைத்தான் எல்லோரும் சொல்வார்கள். ஆனால் கோயில் சிற்பத்தைப் பார்த்த அதே கண்ணோடு கிழவிகளின் போர்வையையும் பார்த்தவர் இவர். 1939இல் காந்தாவைப் பற்றித் தனிக் கட்டுரையே எழுதினார். அவர் சேகரித்த காந்தாக்கள் இன்று ஃபிலடெல்ஃபியா அருங்காட்சியகத்தில் இருக்கின்றன. கல்கத்தாவை அடுத்த ஜோக்காவில், குருசதய் தத் அருங்காட்சியகத்தின் தொகுப்பில், குல்னாவைச் சேர்ந்த மானதாசுந்தரி தன் தந்தைக்காகத் தைத்துப் பெயரும் பொறித்த 19ஆம் நூற்றாண்டுக் காந்தா ஒன்று உண்டு. வீட்டுப் பெண் தன் வேலையில் தன் பெயரைத் துணிந்து போட்டது அபூர்வம்.

அந்தத் துணிகள் ஏன் பிழைத்தன? யாரும் அவற்றைப் போர்த்திக்கொள்ளவில்லை. விருந்தாளிக்கு, திருமணத்துக்கு என்று பெட்டியில் வைத்தவை. சௌல்தாரியிலோ மங்லுட்டானிலோ ஒரு செட்லர் வீட்டுக் காந்தா (தீவில் எல்லோரும் சொல்வது ‘செட்லர்’தான், 1942க்கு முந்திய குடும்பங்கள் ‘லோக்கல் பார்ன்’) பிள்ளை நனைத்து, நோயாளி வியர்த்து, கடைசியில் தரை துடைக்கும் துணியாகி மறையும். கிழிந்த காந்தாமேல் இன்னொரு சேலையைப் போட்டுத் தைப்பதும் உண்டு. அப்போது பாட்டியின் சேலை உள்ளே போய்விடும், மருமகளின் சேலை மேலே வரும். கம்பளி போல இதைப் பிரித்து எடுக்க முடியாது. என்னைக் கேட்டால், கண்ணாடிக்குள் இருப்பதைவிடத் தேய்ந்து தீர்ந்த அந்தக் காந்தாதான் தன் வேலையைச் சரியாகச் செய்தது.

சென்னைக் கண்காட்சிகளில் ‘காந்தா வொர்க்’ என்று பட்டுச்சேலையை விற்கிறார்களே, அது வேறு சமாசாரம். ஒற்றை அடுக்கு, புது நூல், அச்சடித்த கோலம். கைவேலை உண்மைதான், கூலியும் கிடைக்கிறது, நல்லது. வங்கத்து நக்‌ஷி காந்தாவுக்குப் புவிசார் குறியீடும் கிடைத்திருக்கிறது. வீட்டுக் காந்தாவைத் தட்டிப்போட்டது வேறொன்று: செயற்கை இழை. நைலக்ஸ் சேலை எத்தனை வருஷம் கட்டினாலும் மெத்தென்று ஆகாது, கரையிலிருந்து இழை உருவவும் வராது. நைந்து போகாத சேலையிலிருந்து காந்தா பிறக்க வழியில்லை.

2004 டிசம்பர் 26 காலை வந்த ஆழிப்பேரலையைப் பற்றித் தமிழ் வாசகர்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. நம் கரைக்கு வந்த கடல் திரும்பிப் போயிற்று. சிப்பிகாட்டில் போகவில்லை. நிலநடுக்கத்தில் தெற்கு அந்தமான் ஏறக்குறைய ஒரு மீட்டர் கீழே அமிழ்ந்துவிட்டது. ஃப்ளாட் பே விரிகுடாவின் ஓதநீர் ஓடை வழியே ஏறி வயல்களில் நிரந்தரமாகத் தங்கிவிட்டது. வரப்பு இருந்த இடத்தில் இன்று அலையாத்தி முளைக்கிறது. மொட்டைத் தென்னைகள் தண்ணீரில் நின்று பட்டுப்போயின. இந்தத் தீவுக்கூட்டத்தில் மட்டுமே வாழும் அந்தமான் கிளுவை வாத்தைப் பார்க்கப் பறவை ஆர்வலர்கள் தொலைநோக்கியோடு வந்து சாலையோரம் நிற்கிறார்கள். அரிய பறவை, சந்தேகமில்லை. அது நீந்துகிற இடத்துக்குச் சர்வே எண் இருந்தது.

ஆற்றங்கரையை அரசியலிடம் இழந்து கடல் கடந்த ஒரு தலைமுறை இந்தச் சாலையோரத்து ஊர்களில் வேர்விட்டு அரை நூற்றாண்டு ஆன பின், கடலே உள்ளே வந்துவிட்டது. 2011 கணக்கெடுப்பில் இந்தத் தீவுகளில் வங்காளத்தைத் தாய்மொழியாகச் சொன்னவர்கள் நூற்றுக்கு 28 பேர். தமிழைச் சொன்னவர்கள் 15 பேர். அந்தத் தமிழர்களிலும் அகதிகள் உண்டு. 1964 சிறிமாவோ–சாஸ்திரி ஒப்பந்தத்தின்படி இலங்கைத் தேயிலை மலைகளிலிருந்து அனுப்பப்பட்டவர்களில் சில குடும்பங்களை, இன்னும் தெற்கே நிக்கோபாரில் உள்ள கச்சால் தீவின் ரப்பர் தோட்டத்துக்குக் கொண்டுபோனார்கள். கொழுந்து பறித்த விரல்கள் அங்கே பால்வெட்டும் கத்தியைப் பிடிக்கப் பழகின. அடுத்த வாரம் கச்சாலுக்குப் போவோம்.

(தொடரும்)