ஒரு விமானம், இருவேறு சாட்சியம்

ஆபத்திற்குள்ளான விமானமொன்று எவ்வாறு இறங்கியது என்று கண்டோரைக் கேட்டால், ஒருவர் கூற்று மற்றவர் கூற்றுக்கு முரணாகத் தோன்றுவதுண்டு. அப்பொழுது, இவர்களுள் பொய்யுரைப்பவர் யாரென்றே நாம் முதலில் ஐயுறுகின்றோம். அவ்வையம் எத்துணைப் பிழையானது என்பதற்கு நியூயோர்க் நிகழ்ச்சியொன்று சான்றாகும்.

2009ஆம் ஆண்டு ஜனவரி 15ஆந் திகதி, லாகார்டியா விமான நிலையத்திலிருந்து 155 பேருடன் கிளம்பிய விமானமொன்று, ஏறக்குறைய 2,800 அடி உயரத்தில் காட்டு வாத்துக் கூட்டத்துடன் மோதியது. இரண்டு எஞ்சின்களும் வலுவிழந்தன. தலைமை விமானி சலன்பேர்கர் அதனை ஹட்சன் நதியில் இறக்கினார். அனைவரும் உயிர் தப்பினர்.

விமானத்தின் முன்புறத்திலிருந்த பணிப்பெண்கள் இருவரும், சற்றுக் கடினமாகத் தரையில் இறங்கியதாகவே உணர்ந்தனர். நீரில் இறங்கியதை முதலில் அவர்கள் அறிந்திலர். பின்புறத்திலிருந்த மூன்றாமவரோ, மோதல் மிகக் கொடூரமாயிருந்தது என்றார். அவர் காலிலும் ஆழ்ந்த காயம்.

இம்மூவருள் எவரும் பொய் கூறவில்லை. விமானத்தின் பின்பகுதியே நீரின் தாக்குதலைக் கடுமையாகத் தாங்கியது. அதன் அடிப்புறம் சிதைந்து நீர் உட்புகுந்தது. ஆகவே, மூவரும் தத்தம் இடத்தில் நிகழ்ந்ததையே உரைத்தனர்.

இதனாலேயே, விசாரணை செய்வோர் ஒருவர் வாய்மொழியோடு அமைவதில்லை. ஒவ்வொருவரும் எங்கே இருந்தார் என்பதைக் குறித்துக்கொண்டு, அவர் கூற்றை விமானத்தின் பதிவுக் கருவிகளோடும் உடைந்த பாகங்களோடும் ஒப்பிட்டு நோக்குகின்றனர்.

வீட்டிலும் பள்ளியிலும் இருவர் கூற்று மாறுபடுங்கால், ஒருவரைப் பொய்யரென இகழுமுன், அவர் நின்ற இடம் யாதென வினவுவோமாக.