‘பிரசன்ட்லி’: இப்பொழுதா, இனிமேலா?

ஆங்கிலத்தில் ‘பிரசன்ட்லி’ என்றொரு வினையடை உண்டு. ‘பிரசன்ட்’ என்பது நிகழ்காலத்தைக் குறிப்பதால், இச்சொல்லுக்கும் ‘இப்பொழுது’ என்பதே பொருள் எனப் பலர் கொள்வர். ஆயின், “வைத்தியர் பிரசன்ட்லி வருவார்” என ஓர் ஆங்கிலேயத் தாதி கூறினால், வைத்தியர் வாயிலில் நிற்கிறார் என்பதன்று. சிறிது நேரத்தில் வருவார் என்பதே கருத்து. நோயாளியின் அருகில் காத்திருப்போர்க்கு இவ்வேறுபாடு சிறிதன்று.

இக்குழப்பத்திற்குக் காரணம் சொல்லின் வரலாறே. முற்காலத்தில் அது ‘உடனே’ என்னும் பொருளில் வழங்கிற்று. 1611இல் வெளிவந்த ஆங்கில விவிலியம், இயேசு சபித்த அத்திமரம் பட்டுப்போனதைக் கூறுமிடத்து இச்சொல்லையே ஆள்கின்றது. மரம் அக்கணமே பட்டது என்பது அங்குள்ள பொருள். இன்றைய பொருளைக் கொண்டு படித்தால் அற்புதத்தின் விரைவு மறைந்துவிடும்.

‘உடனே’ என்றிருந்தது ‘சற்றுப் பின்’ என எவ்வாறு மாறிற்று? மனித இயல்பே அதற்குக் காரணம் எனலாம். உடனே செய்வதாகச் சொன்னவர் தாமதித்தனர். கேட்டவர் நாளடைவில் அத்தாமதத்தையே சொல்லின் பொருளாக்கிக் கொண்டனர். ‘சூன்’ என்னும் சொல்லும் பழைய ஆங்கிலத்தில் ‘உடனே’ என்றே பொருள்பட்டது. நம்மிடையேயும், “இந்தா வாறன்” என்று உள்ளிருந்து குரல் கொடுப்பவர் அக்கணமே வெளிப்படுவதில்லை அன்றோ?

இனி, ‘இப்பொழுது’ என்ற பொருளும் பிழையன்று. அது பழமையானது, ஸ்கொத்லாந்தில் தொடர்ந்து வழங்கி வந்தது, அமெரிக்காவில் பெரிதும் வழங்குகின்றது, 20ஆம் நூற்றாண்டில் இங்கிலாந்திலும் மீண்டும் பரவியது.

அவ்வாறாயின் பொருளைத் துணிவது எங்ஙனம்? நேயர்களே, வினையை நோக்குங்கள். “அவர் பிரசன்ட்லி கொழும்பில் வசிக்கிறார்” என நிகழ்கால வினை வரின், ‘இப்பொழுது’ எனக் கொள்க. “வருவார்” என எதிர்கால வினையோ, கதை கூறுமிடத்து “கதவு திறந்தது” என இறந்தகால வினையோ வரின், ‘சற்று நேரத்தில்’ எனக் கொள்க. ஆங்கிலத்தில் ‘இஸ் கமிங்’ என்பது வடிவில் நிகழ்காலமாயினும், வரவிருப்பதையும் குறிக்குமாதலால் அங்கே விழிப்பு வேண்டும்.

நாம் எழுதுங்கால் ‘நௌ’ அல்லது ‘சூன்’ என ஐயமற எழுதலாம். மருந்து, பணம், பயணம் பற்றிய கடிதங்களில் நாளையும் மணியையுமே குறித்துவிடுவது அதனினும் நன்று.