‘அ’ எழுதின பள்ளிக்கு ஆர் காசு அனுப்புறது?

யாழ்ப்பாண மாவட்டத்தில் தேசிய பாடசாலைகளுக்கு மத்திய கல்வி அமைச்சு நிதி கொடுக்கிறது. மற்ற அரச பள்ளிகள் மாகாணத்தின் கையில். தரம் 5 புலமைப்பரிசில் முடிந்ததும் கெட்டிக்காரப் பிள்ளைகள் பெரிய கல்லூரிக்குப் போய்விடுவார்கள். சின்னப் பள்ளியில் எண்ணிக்கை குறைய, தலைக்கணக்குப் பார்த்து வரும் காசும் குறையும். ஆனால் ஒழுகும் கூரைக்குச் செலவு குறையாது.

இதில் நாங்களும் சும்மா இல்லை. லண்டனிலும் ரொறன்ரோவிலும் இராப்போசனம் வைத்துக் காசு சேர்ப்பது பெரிய கல்லூரிகளின் பழைய மாணவர் சங்கங்கள்தான். ஐந்தாம் வகுப்போடு முடியும் ஊர்ப் பள்ளிக்குச் சங்கம் எங்கே? அங்கே படித்தவர்களும் பேர் சொல்லுவது கல்லூரியைத்தான்.

அடுத்தமுறை ரிக்கெற் வாங்கேக்கை ஒண்டு கேளுங்கோ: “இதிலை பத்திலொரு பங்கு, நாங்கள் ‘அ’ எழுதின பள்ளிக்குப் போகுமோ?”