தேயத் தேய மின்னும் கார்கள்

கீறலை மெஷின் அழிப்பதில்லை. கீறலைச் சுற்றியுள்ள பெயின்ட்டைத்தான் சுரண்டி எடுக்கிறது. எவ்வளவு எடுக்கலாம் என்பதுதான் கேள்வி.

ரவீந்திர சரோவர் ஏரியைத் தாண்டி, ரயில் பாதைக்கு அந்தப் பக்கம் இருக்கிறது லேக் கார்டன்ஸ். தெற்கு கொல்கத்தாவின் பல குடியிருப்புகளைப் போலவே இங்கும் எல்லாக் கார்களுக்கும் கொட்டகை கிடையாது. தெருவோர மரத்தடியில் நிற்கும் கார்களின்மீது தூசு படிகிறது. காக்கைகளும் தம் பங்கைச் செய்கின்றன. விடிந்ததும் ஒரு வாளித் தண்ணீர், ஒரு பழைய துணி. பத்துக் காருக்கும் அதே தண்ணீர், அதே துணி. மூன்றாவது காருக்கு வரும்போதே அந்தத் துணி உப்புத்தாளாகிவிடுகிறது.

விளைவு வெயிலில் தெரியும். கறுப்புக் காரின் பானெட்டில் சிலந்தி வலை பின்னியதுபோல் வட்ட வட்டமாகக் கோடுகள். உண்மையில் கீறல்கள் எல்லாத் திசையிலும்தான் ஓடுகின்றன. ஒளிக்குக் குறுக்கே அமைந்தவை மட்டும் மின்னுவதால் சூரியனின் பிம்பத்தைச் சுற்றி வலை தெரிகிறது. காரின் சொந்தக்காரர் பதறிப்போய் "மெஷின் பாலிஷ்" போர்டைத் தேடிப் போகிறார்.

இங்குதான் விஷயம் தெரிந்திருக்க வேண்டும். இன்றைய காரின் தகட்டின்மீது பிரைமர், நிறம், அதற்கும் மேலே கண்ணாடி போன்ற கிளியர் கோட் என்று மொத்தமே சுமார் 100 முதல் 150 மைக்ரான். ஒரு ஜெராக்ஸ் தாளின் கனம் 100 மைக்ரான். கிளியர் கோட்டின் பங்கு 35 முதல் 50 மைக்ரான்தான். வெயிலின் புற ஊதாக் கதிரிலிருந்து நிறத்தைக் காப்பது இந்த மெல்லிய ஏடு. பாலிஷ் என்பது கீறலின் அடிமட்டம் வரை இந்த ஏட்டைத் தேய்த்துச் சமப்படுத்துவது. லேசான பாலிஷ் ஓரிரு மைக்ரானோடு நிற்கலாம். கரடான காம்பவுண்டும் கம்பளி பேடும் சேர்ந்தால் அதைப்போல் சில மடங்கு போகும். போனது திரும்பாது. வருஷத்துக்கு இரண்டு முறை இப்படித் தேய்த்தால் சில ஆண்டுகளிலேயே கூரையில் திட்டுத் திட்டாகக் கிளியர் கோட் உரியத் தொடங்கும். அதற்குப் பிறகு பாலிஷ் உதவாது, புதிதாகப் பெயின்ட்தான்.

மெஷின்களிலும் இரண்டு ஜாதி. ஒரே அச்சில் சுழலும் ரோட்டரி வேகமாக வேலையை முடிக்கும். அதே வேகத்தில் ஓரங்களைச் சுட்டு, பெயின்ட்டைப் பிரைமர் வரை தின்றும்விடும். பழகாத கையில் தந்தால் வெயிலில் மட்டும் தெரியும் நிழல் கோடுகளை விட்டுச் செல்லும். சுழன்றபடியே விலகி ஆடும் இன்னொரு வகை மெதுவானது. சூடு குறைவு, ஆபத்தும் குறைவு. நல்ல வேலைக்காரர் முதலில் கழுவுகிறார். களிமண் போன்ற கட்டியால் ஒட்டிய அழுக்கை எடுக்கிறார். விளிம்புகளில் டேப் ஒட்டுகிறார். பிறகு ஓரமாக ஒரு சாண் இடத்தில் மிருதுவான ஸ்பாஞ்ச், மிக நைசான பாலிஷ் வைத்துப் பார்க்கிறார். அது போதுமென்றால் கரடானதைத் தொடுவதே இல்லை. நகம் தடுக்கும் அளவு ஆழமான கீறலை அவர் துரத்துவதுமில்லை.

ஒரு மணி நேரத்தில் "புத்தம் புதுசு" ஆக்கித் தருபவர்கள் வேறு ரகம். அவர்களில் சிலர் கீறலை எடுப்பதில்லை, எண்ணெய்ப் பசையால் நிரப்புகிறார்கள். நாலு கழுவலில் வலை மறுபடி தெரியும். பாலிஷ் போட்ட இடத்தை ஐசோபுரொப்பைல் ஆல்கஹால் தொட்ட துணியால் துடைத்தாலே குட்டு வெளிப்பட்டுவிடும்.

கொல்கத்தாவுக்கே உரிய சிக்கல் ஒன்றும் உண்டு: அம்பாசடர். உத்தர்பாராவில் ஹிந்துஸ்தான் மோட்டார்ஸ் உற்பத்தியை 2014இல் நிறுத்திவிட்டது. மிச்சமிருக்கும் வண்டிகளை வைத்திருப்பவர்கள் பிள்ளையைப் போல் பார்த்துக்கொள்கிறார்கள். பழைய வண்டிகளில் வழக்கமாகக் கிளியர் கோட் கிடையாது. நிறமே மேல் பூச்சு. வெயிலில் வெளிறி, தடவினால் கையில் மாவாக ஒட்டும். மெஷின் வைத்ததும் பேடில் காரின் நிறமே வரும். அடியிலிருந்து ஆழ்ந்த பளபளப்பு எழுவது அழகுதான். மட்கார்டின் முகட்டில் திடீரென்று பிரைமர் எட்டிப்பார்க்கும்வரை.

நம் ஊர்ப் பட்டறைகளில் இன்றும் வழங்கும் "டியூகோ" என்ற சொல்லிலும் இந்தத் தேய்ப்பின் சரித்திரம் இருக்கிறது. 1923இல் அமெரிக்காவின் டூபான்ட் நிறுவனம் கொண்டுவந்த பெயின்ட் அது. அதுவரை ஒரு காருக்கு வார்னிஷ் அடித்து உலர வாரக்கணக்கில் ஆனது. டியூகோ சில மணி நேரத்தில் உலர்ந்தது, ஆனால் தானாக மின்னவில்லை. தேய்த்துத்தான் மெருகேற்ற வேண்டியிருந்தது. அதனால் நிறையத் தேய்ப்பது நல்லது என்ற எண்ணம் நிலைத்துவிட்டது போலும். மெல்லிய கிளியர் கோட் காலத்துக்கு அது பொருந்தாது.

எனவே மெஷினுக்கு முன்னால் வெளியே வர வேண்டியது கனமானி. உள்ளங்கைக்குள் அடங்கும் கருவி. தகட்டில் வைத்தால் மைக்ரான் எண் காட்டும். கூரை, கதவு, பானெட் என்று தனித்தனியாக அளக்க வேண்டும். ஒரு கதவில் மட்டும் 300 என்று வந்தால் அங்கே மறுபெயின்ட்டோ பட்டியோ இருக்கிறது. ஆனால் மேலே உள்ள கிளியர் கோட் எவ்வளவு என்பதைச் சாதாரண மானி பிரித்துச் சொல்லாது; பிளாஸ்டிக் பம்பரில் அது வேலையும் செய்யாது. 80 என்று காட்டினால் தெரிந்த ஆள் மெஷினைக் கீழே வைத்துவிடுவார். மெழுகு பூசி அனுப்புவார்; வீட்டில் இரண்டு வாளி வைத்துக்கொள்ளச் சொல்வார்: ஒன்று சோப்புக்கு, மற்றது துணியை அலச.