நிலைத்தலை ராட்செட்டா, மடிதலை ராட்செட்டா?

(மலைநாட்டுக் கமக்காரருக்கும் தோட்டத்து இயந்திரத் தொழிலாளருக்கும்)

பட்டிப்பொல புகையிரத நிலையம் கடல் மட்டத்திலிருந்து 1,891 மீற்றர் உயரத்தில் அமைந்துள்ளது. இலங்கையின் புகையிரத நிலையங்களுள் மிக உயரத்தில் உள்ளது இதுவே. இதனைச் சூழ்ந்த சரிவுகளில் உருளைக்கிழங்கு, கரட், லீக்ஸ், கோவா ஆகியன பயிராகின்றன. மண்ணைப் புரட்டக் கை உழவு இயந்திரமும், நீர் இறைக்கப் பம்பியும், மருந்து தெளிக்க எஞ்சின் பூட்டிய தெளிகருவியும் இன்று கமக்காரரின் கைக்கு எட்டியுள்ளன. மூடுபனியும் தூறலும் விடாது நிற்கும் நாட்களில் உருளைக்கிழங்கில் வெளிறல் நோய் தோன்றினால், சில நாட்களிலேயே அது பாத்தி பாத்தியாகக் கருக்கிக்கொண்டு செல்லும். அந்நாட்களில் தெளிகருவி இரண்டு நாள் நின்றுவிட்டால் அந்தப் போகத்தின் முதலே போய்விடலாம்.

இயந்திரம் இவ்வாறு நின்றுபோவதற்கு எப்போதும் பெரும் பழுதே காரணமென்று எண்ணிவிடலாகாது. பத்து நிமிடத்தில் முடியவேண்டிய வேலையில் ஒரு நட்டின் மூலைகள் மழுங்கிவிடுகின்றன. அதன்பின் அதை எந்த ஸ்பனரும் பற்றுவதில்லை. இயந்திரத்தை லொறியிலேற்றிக் கராஜுக்குக் கொண்டுசெல்ல நேருகிறது. வேலைக்குப் பொருந்தாத பிடியைக் கொண்டு பலங்கொடுப்பதே பல வேளைகளில் இதற்குக் காரணம். ஆதலின் ராட்செட் பிடிகள் இரண்டின் இயல்பையும், எதனை எவ்விடத்திற் கையாளவேண்டும் என்பதையும் இங்கு விளக்குவோம்.

1. ராட்செட் என்பது யாது?

சைக்கிளின் பின்சில்லை நினைத்துப் பாருங்கள். மிதியை முன்னோக்கி மிதித்தால் சில்லு உருளும். பின்னோக்கி மிதித்தால் ‘டிக் டிக்’ என ஒலித்து வெறுமனே சுழலும். உள்ளே ஒரு பற்சில்லும், அதன் பல்லில் விழும் ஒரு சிறு நாக்கும் இருப்பதே இதன் காரணம். ராட்செட் பிடியின் தலைக்குள்ளும் இதே அமைப்பு உண்டு. சொக்கெட்டை நட்டின்மேல் வைத்தபடியே பிடியை முன்னும் பின்னும் அசைத்து நட்டைத் திருப்பலாம். ஒவ்வொரு முறையும் கழற்றி மாட்டவேண்டியதில்லை. அமெரிக்காவின் வெர்மான்ட் மாநிலத்தைச் சேர்ந்த ஜே. ஜே. ரிச்சர்ட்சன் என்பவர் 1863இல் இத்தகைய பிடிக்குக் காப்புரிமை பெற்றார்.

பற்களின் எண்ணிக்கையையும் கவனிக்க வேண்டும். 36 பற்களுள்ள சில்லில் அடுத்த பல் விழப் பிடியை 10 பாகை அசைக்கவேண்டும். 72 பற்களாயின் 5 பாகை போதும். 10 அங்குல நீளமான பிடியின் நுனியில் முன்னையது ஏறக்குறைய 1¾ அங்குல அசைவாகும். பின்னையது ஓர் அங்குலத்திற்கும் குறைவு. பெற்றோல் தாங்கிக்கும் சட்டத்திற்கும் இடையே கை நுழையாத இடத்தில் இவ்வேறுபாடு பெரிது.

2. இரு வகைகள்

நிலைத்தலை ராட்செட்டில் தலையும் பிடியும் ஒரே உறுதியான உடலாக உள்ளன. தலை எப்பக்கமும் மடியாது. நீங்கள் கொடுக்கும் பலம் குறையாது நட்டைச் சேரும். தேயும் உறுப்புகளும் குறைவு.

மடிதலை ராட்செட்டில் தலைக்கும் பிடிக்கும் இடையே ஊசி கோத்த ஒரு மூட்டு உண்டு. பிடியை மேலும் கீழும் சாய்த்து, இடையூறாக நிற்கும் குழாயையோ மூடியையோ விலகிச் செல்லலாம். சிலவற்றில் வேண்டிய சாய்வில் மூட்டைப் பூட்டிவைக்கும் விசையும் உண்டு. பிடியைப் போல்ட்டின் நேர்கோட்டிலேயே நிமிர்த்தி, திருப்புளியைப் போல் விரல்களால் விரைவாகச் சுழற்றவும் முடியும். இவை பெரும் வசதிகளே. எனினும் அந்த மூட்டே இக்கருவியின் மெலிந்த இடமுமாகும். அது நாளடைவில் தேய்ந்து ஆட்டங் காணும். மிகுந்த பலத்தில் ஊசி வளையும், அல்லது கவைபோன்ற கழுத்து விரியும்.

3. சாய்வினால் நேரும் இழப்பு

பிடி போல்ட்டுக்குச் செங்கோணமாக நிற்கும்போது அதன் முழு நீளமும் நெம்புகோலாகப் பயன்படும். பிடி சாயச் சாயப் பயன்படும் நீளம் குறையும். 10 அங்குலப் பிடியை 30 பாகை சாய்த்தால் ஏறக்குறைய 8¾ அங்குலமே வேலை செய்யும். 45 பாகையில் 7 அங்குலம். 60 பாகையில் 5 அங்குலம், அதாவது சரிபாதி.

இழந்த பலம் வெறுமனே போவதுமில்லை. அது சொக்கெட்டைப் பக்கவாட்டிற் சாய்க்க முயலும். சாய்ந்த சொக்கெட் நட்டின் ஆறு மூலைகளையும் ஒருங்கே பற்றாமல் விளிம்பில் மட்டும் கடிக்கும். நட்டு மழுங்குவது இங்கேதான். பின் சொக்கெட் நழுவும். கை சட்டத்தில் மோதி விரல்மூட்டுகள் காயப்படும். பட்டிப்பொலவின் விடியற் குளிரில் விரைத்த விரல்களுக்கு இவ்வபாயம் இன்னும் அதிகம். ஆகவே சாய்ந்த பிடியில் ஒருபோதும் முழுப் பலத்தையும் கொடுத்தலாகாது. மடிதலை ராட்செட் எட்டாத இடத்தை எட்டுவதற்கு. பலத்தைத் தாங்குவதற்கு நிலைத்தலையே.

4. எவ்வேலைக்கு எது?

நிலைத்தலை பொருந்தும் வேலைகள்: கை உழவு இயந்திரத்தின் சில்லு நட்டுகள், மண்ணைக் கொத்தும் சுழல் கத்திகளின் போல்ட்டுகள், எஞ்சினைச் சட்டத்துடன் பிணைக்கும் போல்ட்டுகள். மலைமண்ணிற் கல் மிகுதியாதலால் கத்திகள் அடிக்கடி அதிர்ச்சியடைந்து போல்ட்டுகள் தளரும். பெல்ட்டினால் ஓடும் வகைகளில், பெல்ட்டை இறுக்க எஞ்சினையே சிறிது நகர்த்தவேண்டும். அப்போது எஞ்சினின் அடிப்போல்ட்டுகளைத் தளர்த்திப் பின்னர் நன்கு இறுக்கவேண்டும். இவையெல்லாம் பலம் வேண்டுபவை; பிடியை வீசப் போதிய இடமும் பெரும்பாலும் இருக்கும்.

மடிதலை பொருந்தும் வேலைகள்: காற்றுச் சல்லடைக்குப் பின்னால் மறைந்திருக்கும் காபரேற்றர் நட்டுகள், பெற்றோல் தாங்கியின் கீழுள்ள புகைக்குழாய் நட்டுகள், விசிறி மூடியின் போல்ட்டுகள், குழாய்களுக்கிடையே அகப்பட்ட பம்பி மூடியின் போல்ட்டுகள். எனினும் புகைக்குழாய் நட்டுகள் சூட்டினாலும் துருவினாலும் இறுகுபவை. அவற்றை முதலில் வளைய ஸ்பனரால் அசைத்துவிட்டு, அதன்பின் மடிதலையால் கழற்றுக.

எஞ்சின் பிளக்கைக் கழற்றவும் மடிதலை உதவும். ஆனால் மாட்டும்போது பிளக்கைக் கையாலேயே தொடக்கம்முதல் அடிவரை திருகிவிடவேண்டும். எஞ்சின் தலை அலுமினியத்தால் ஆனதாகையால் புரி கோணினால் பெருஞ்செலவாகும். நீர்ப்பம்பிகளிற் காணப்படும் சிறு பெற்றோல் எஞ்சின்களில், பிளக் அடியில் அமர்ந்தபின் புதியதாயின் அரைச் சுற்றும், பழையதாயின் கால் சுற்றுக்கு மேற்படாமலும் இறுக்குவதே வழக்கம். உங்கள் இயந்திரத்தின் கைந்நூலில் வேறுவிதமாகக் கூறப்பட்டிருப்பின் அதனையே பின்பற்றுக.

தேயிலைத் தோட்டங்களின் கவ்வாத்து இயந்திரங்களிலும் கொழுந்து வெட்டும் இயந்திரங்களிலும் உள்ளவை சிறு திருகாணிகள். இவற்றுக்கு ¼ அங்குலச் சதுர முனையுள்ள சிறு ராட்செட்டே ஏற்றது. பெரிய பிடியைக் கையாண்டால் திருகாணி முறிந்து உள்ளே நின்றுவிடும். எஞ்சின் தலைப் போல்ட்டுகளைக் கடைசியாக இறுக்கும் வேலை இவ்விரு ராட்செட்டுக்கும் உரியதன்று. முறுக்கின் அளவைக் காட்டும் ‘டோர்க் ரெஞ்ச்’ கொண்டே அதைச் செய்யவேண்டும்.

5. இறுகிய நட்டை எவ்வாறு அசைப்பது?

துருப்பிடித்து இறுகிய நட்டின்மேல் ராட்செட்டை முதலில் வைத்தலே தவறு. பலம் முழுவதும் உள்ளிருக்கும் ஒரு சிறு நாக்கின்மேல் விழுவதால் பற்கள் உடையும். பின்வரும் ஒழுங்கைக் கைக்கொள்க:

(அ) எஞ்சினை நிறுத்தி ஆறவிடுக. பெற்றோல் எஞ்சினாயின் பிளக் மூடியைக் கழற்றிவைக்குக.

(ஆ) கம்பித் தூரிகையால் துருவையும் மண்ணையும் நீக்குக.

(இ) ஊடுருவும் எண்ணெய் இட்டுச் சிறிது நேரம் பொறுத்திருக்குக.

(ஈ) வளைய ஸ்பனராலோ, பற்சில்லு இல்லாத நீண்ட சொக்கெட் பிடியாலோ முதல் அசைவைக் கொடுக்குக.

(உ) நட்டு தளர்ந்தபின் ராட்செட்டால் கழற்றுக.

ராட்செட் பிடியில் நீர்க்குழாயைச் செருகி நீளங்கூட்டும் வழக்கம் நம்மிடையே உண்டு. இதனை அறவே விலக்கவேண்டும். மடிதலையில் இவ்வாறு செய்வது இன்னும் கேடு. பிடியை உங்களை நோக்கி இழுங்கள், வெளியே தள்ளாதீர்கள். தள்ளும் கை நழுவினால் நேரே இரும்பில் மோதும்.

6. வாங்கும்போது கவனிக்கவேண்டியவை

ஒன்றை மட்டுமே வாங்கப் பணமுள்ளவர் நிலைத்தலையையே வாங்குதல் நன்று. கமக்காரர் ஒருவரின் பொதுவேலைக்கு ⅜ அங்குலச் சதுர முனையுள்ளது போதும். சில்லு நட்டுகளுக்கும் பெரிய போல்ட்டுகளுக்கும் ½ அங்குலம் வேண்டும். இதனுடன் ஒரு நீட்டுக்கம்பியையும் வாங்கினால், மடிதலை தேவைப்படும் இடங்களுட் பலவற்றை நிலைத்தலையாலேயே எட்டலாம். அதன்பின்னும் எட்டாத நட்டுகள் உங்கள் இயந்திரத்தில் எவை எவையென எண்ணிப் பார்த்து, மடிதலை வேண்டுமா எனத் தீர்மானிக்குக. அயலவர் இருவர் மூவர் சேர்ந்து ஒன்றை வாங்கிப் பொதுவில் வைத்துக்கொள்வதும் சிக்கனமே. நாள்தோறும் பலவகை இயந்திரங்களைத் திருத்தும் தோட்டத்து மெக்கானிக்குக்கு இரண்டும் வேண்டும்.

மடிதலையை வாங்கும்போது மூட்டை அசைத்துப் பாருங்கள். பிடியைக் கிடையாகப் பிடித்தால் தலை தன் பாரத்தால் தொங்கிவிழாமல், வைத்த சாய்வில் நிற்கவேண்டும். மூட்டைத் திருகாணியால் இறுக்கக்கூடியதாயின் மேலும் நன்று. இருவகையிலும் பற்சில்லு இரு திசையிலும் தடங்கலின்றி ஒலிக்கிறதா எனச் சோதிக்குக.

சொக்கெட்டின் அளவு சரியாக இல்லாவிடின் எந்த ராட்செட்டும் பயனில்லை. 1950களில் இலங்கைப் பொறியியலாளர் றே விஜேவர்தன உருவாக்குவதிற் பங்குகொண்ட லான்ட்மாஸ்டரின் பெயரை இன்றும் பலர் கை உழவு இயந்திரம் எதற்கும் வழங்குகின்றனர். ஆயினும் அக்காலத்துப் பிரித்தானிய இயந்திரங்களின் அங்குல அளவும், இன்றைய யப்பானிய இயந்திரங்களின் மில்லிமீற்றர் அளவும் வேறு வேறு. ½ அங்குலச் சொக்கெட் 12.7 மில்லிமீற்றர் அகலமானது. அதை 12 மில்லிமீற்றர் போல்ட்டில் மாட்டினால் தளர்ந்து மூலையை மழுக்கும். துருப்பிடித்த நட்டுகளுக்குப் பன்னிரு மூலைச் சொக்கெட்டைவிட அறுமூலைச் சொக்கெட்டே நன்கு பற்றும்.

7. பேணும் முறை

நமது பகுதியின் ஈரமும், பசளையின் உப்பும், செம்பு கலந்த மருந்துகளும் இரும்பை விரைவில் அரிப்பன. வேலை முடிந்ததும் ராட்செட்டை உலர்ந்த துணியால் துடைத்து, மெல்லிய எண்ணெய் தடவி, மருந்துகளும் பசளையும் இல்லாத உலர்ந்த பெட்டியில் வைக்குக. ஆண்டுக்கு ஒருமுறை தலையைத் திறந்து மண்ணெண்ணெயாற் கழுவி, உலர்த்தி, சிறிதளவு மெல்லிய கிரீஸ் இடுக. கிரீஸ் மிகுந்தால் குளிரில் உறைந்து நாக்கு பல்லில் விழாது. நாக்கு வழுக்கத் தொடங்கிய ராட்செட்டைத் திருத்தும்வரை கையாளாதீர்கள்.

சுருக்கம்

நட்டின் முதல் அசைவு: வளைய ஸ்பனர் அல்லது நீண்ட பிடி.

பலம் வேண்டும் வேலை: நிலைத்தலை ராட்செட்.

மறைவிடத்தில் தளர்ந்த நட்டைக் கழற்றலும் மாட்டலும்: மடிதலை ராட்செட்.

கடைசி இறுக்கம்: பிடி போல்ட்டுக்குச் செங்கோணமாக நிற்கவேண்டும்.

தெளிக்கும் காலம் தொடங்குமுன் ஒருநாள் உங்கள் இயந்திரங்களைச் சுற்றிப் பார்த்து, எந்த நட்டுக்கு எப்பிடி என்பதைக் குறித்து, அக்குறிப்பைக் கருவிப்பெட்டியின் மூடியில் ஒட்டிவைக்குக. மழைக்காலத்தில் அவசரமாகத் தேடுவதினும் இது எளிது. ஐயமுள்ளோர் தம் பகுதி விவசாயப் போதனாசிரியரை அணுகலாம்.