கணவன்மாரும் கற்க வேண்டிய பாடம்

பௌர்ணமி என்று வருமெனத் திருவண்ணாமலை மக்களுக்கு எவரும் சொல்லித்தர வேண்டியதில்லை. கிரிவலக் கூட்டமே அறிவித்துவிடும். பெண்ணுடலில் கருவுறும் நாட்களோ அவ்வாறு தேதி பார்த்து வருவன அல்ல. 1952இல் தொடங்கி, நம் அரசு உலக சுகாதார நிறுவனத்தின் துணையுடன் மைசூர் மாநிலத்து இராமநகரத்தில் நாட்களை எண்ண நிறமணி மாலைகளை வழங்கிப் பார்த்தது. மாதவிலக்கு முன்பின்னாக வந்தால் மணிக்கணக்கும் பிசகுமன்றோ!

ஆஸ்திரேலிய மருத்துவத் தம்பதியர் ஜான், எவலின் பில்லிங்ஸ் வகுத்ததும் திருச்சபை ஏற்பதுமான முறை வேறு. கருமுட்டை வெளிப்படும் காலம் நெருங்குகையில் கருப்பை வாயிலிருந்து கசியும் நீர்மம் தெளிந்து, வழுக்கும் தன்மை பெறுகிறது. அதைப் பெண்ணே உணர்ந்து நாள்தோறும் குறித்து வருகிறாள். பெங்களூர் உட்பட ஐந்து நாடுகளின் மையங்களில் உலக சுகாதார நிறுவனம் இதனை 869 பெண்களிடம் ஆராய்ந்து, 1981இல் முடிவுகளை வெளியிட்டது. நூற்றுக்கு 93 பேர் முதல் மாதச் சுழற்சியிலேயே அடையாளத்தைத் தெளிவாகக் குறித்தனர். எழுதப் படிக்க அறியாதவரும் அவர்களுள் இருந்தனர்.

விதிகளை முழுமையாகக் கடைப்பிடித்தால் ஓராண்டில் நூற்றுக்கு ஏறத்தாழ மூவரே கருவுறுவர். நடைமுறையில் கருவுற்றவரோ இருபதுக்கு மேல்! கருவுறும் நாளென்று தெரிந்தே கூடியமைதான் அதற்குப் பெருங்காரணம். குறித்தவள் மனைவி, பொறுக்காதவர் யார்?

இம்முறையைக் கற்கப் பங்கு இல்லத்திற்கு வருவோர் பெரும்பாலும் பெண்களே. கணவன்மாரோ வாசலில் வண்டியருகே நிற்கிறார்கள். அன்பர்களே, உள்ளே வாருங்கள்; நாற்காலிகள் இரண்டு இரண்டாகத்தான் போடப்பட்டுள்ளன.